சௌராட்டிர மொழியும் முதுகலை ஆய்வேடும்: நாகல் நகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

திண்டுக்கல் மாநகரின் ஒரு பகுதியாகிய நாகல் நகர், நெசவுத் தொழிலோடு நெடுங்காலத் தொடர்புடைய சௌராட்டிர மக்கள் வாழும் இடமாகும். இல்லத்தில் ஒரு மொழியும், கடைத்தெருவிலும் பள்ளியிலும் மற்றொரு மொழியுமாக இருமொழி வழங்குவோர் அம்மக்கள். இல்லத்து மொழி இந்தோ-ஆரிய இனத்தைச் சார்ந்தது. பள்ளியிற் பயின்ற எழுத்து தமிழெழுத்து. ஆதலின் இல்லத்து மொழியை எழுத நேருங்காலும் தமிழெழுத்தையே துணைக்கொள்ளுதல் இன்று பெருவழக்காக உள்ளது.

மொழியைக் கணிப்பொறிக்கு உரியதாக்கும் மொழித்தொழில்நுட்பத் துறையில் முதுகலை ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் ஒருவர், இம்மொழியைத் தம் பொருளாக எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவர் எங்குத் தொடங்குதல் வேண்டும்? எதனை மேற்கொள்ளுதல் வேண்டும்? எதனை விடுத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடையைப் புதிய கருவிகளிடத்தே தேடுதல் இன்றைய வழக்கம். கருவிகளைக் காட்டிலும் அம்மொழி எழுதப்பட்ட வரலாறே தெளிந்த விடை தரும் என்பது எம் துணிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தனித் தேவையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. முன்னர், முதுகலை முடித்தோர் முனைவர் பட்டத்திற்குப் புகுமுன் ஆய்வு நெறியைப் பழகுதற்கு அப்பட்டம் ஒரு படியாய் அமைந்திருந்தது. அப்படி நீங்கவே, ஆய்வைப் பழகும் முதற்களமும், பலருக்கு ஒரே களமும், முதுகலை ஆய்வேடே ஆயிற்று. எனவே அதனைத் திட்டமிடும் முறையைப் பற்றித் தமிழ்த்துறையார் சிந்தித்தல் கடனாகும்.

2. மக்களும் மொழியும்

கி.பி. 473-74ஐச் சார்ந்த மந்தசோர்க் கல்வெட்டு, இலாட நாட்டினின்றும் தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்றினைப் பற்றிக் கூறுகின்றது. அக்குழுவினர் கதிரவனுக்குக் கோயில் எடுத்ததையும், பின்னர் அதனைப் பழுது பார்த்ததையும் வத்சபட்டி என்னும் புலவர் வடமொழிச் செய்யுளாற் பாடியுள்ளார். தமிழகச் சௌராட்டிரர் தம் முன்னோரை இக்குழுவினரோடு இணைத்துக் கூறும் மரபு உண்டு. ஆயினும் கல்வெட்டின் காலத்திற்கும் தமிழ்நாட்டில் இம்மக்களைப் பற்றிய சான்றுகளின் காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. ஆதலின் இவ்விணைப்பைக் கருதுகோளாகக் கொள்ளலாமேயன்றி முடிபாகக் கொள்ளலாகாது. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் இவர்கள் மதுரையில் நிலைபெற்றிருந்தமை தெளிவு. இராணி மங்கம்மாள் காலத்தில், 1705ஆம் ஆண்டையொட்டி, மதுரைப் பட்டு நெசவாளரின் சடங்குரிமை பற்றி எழுந்த வழக்கையும் ஆணையையும் தர்ஸ்டனின் தொகுப்பு எடுத்துரைக்கின்றது.

மக்கள் நடந்து வந்த வழியை மொழியே ஓரளவு காட்டுகின்றது. குசராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடைய அடிப்படையின்மீது தெலுங்கு, கன்னடச் சொற்கள் படிந்துள்ளன. அவற்றின்மேல் தமிழ்ச்சொற்கள் படிந்துள்ளன. கிரியர்சனின் இந்திய மொழியளவாய்வு இதனைப் பட்டுநூலி என்னும் பெயரால் குசராத்திப் பகுதியில் வைத்து 1908இல் வெளியிட்டது. பின்னர், இலண்டனில் இந்தியா அலுவலக நூலகராய் இருந்த எச். என். இராண்டல், இதனைத் தென்னிந்தியாவில் வழங்கும் இந்தோ-ஆரிய மொழி எனக் கொண்டு 1940களில் விரிவான கட்டுரை வரைந்தார். 1976இல் ஐ. ஆர். தவே இம்மக்களின் மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். சப்பானிய அறிஞர் நோரிகிகோ உச்சிதா 1979இல் வாய்மொழி இலக்கியத் தொகுப்பையும், 1990இல் சௌராட்டிர-ஆங்கில அகராதியையும் தந்தார்.

இவ்வரிசையில் ஒன்று நோக்கத்தக்கது. ஒவ்வோர் அறிஞரும் தத்தம் குறியீட்டு முறையிலேயே மொழியைப் பதிவு செய்தனர். ஒருவர் எழுதிய சொல்லை மற்றொருவர் நூலில் தேடுவோர், முதலில் ஒரு குறியீட்டை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இம்மொழியைத் தாய்மொழியாகக் கூறினோர் தொகையை 2,47,702 எனக் காட்டுகின்றது. இரண்டரை இலட்சம் மக்கள் பேசும் மொழி, அகராதியும் இலக்கண ஆராய்ச்சியும் பெற்ற மொழி, கணிப்பொறி உலகில் எளிய நிலையில் நிற்பதன் காரணம் யாது? நூல்கள் இல்லாமை முதற்காரணம் அன்று. உள்ள நூல்கள் ஒன்றோடொன்று சேராமையே முதற்காரணம் என யாம் கருதுகின்றோம். இதனை எழுத்து வரலாறு மேலும் விளக்கும்.

3. நான்கு எழுத்துகளின் வரலாறு

சௌராட்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு. பழைய எழுத்து முறையில், மெய்கள் அடுத்து வருமிடத்துக் கூட்டெழுத்துகள் வழங்கின. 1880களில் அவ்வெழுத்துச் சீர்திருத்தம் பெற்றது. அப்பணியில் தலைநின்றவர் மதுரையைச் சார்ந்த தொ. மு. இராமராய் ஆவார். சீர்திருந்திய முறையில் கூட்டெழுத்துகள் பெரும்பாலும் நீங்கின. உயிர் நீங்கிய மெய்யைக் குறியிட்டுக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. தமிழிற் புள்ளி பெறும் மெய்யை நன்கு அறிந்தார்க்கு இம்மாற்றத்தின் எளிமை சொல்லாமலே விளங்கும். அச்செழுத்தின் தேவையும் இதனோடு பொருந்தியது. கூட்டெழுத்துகள் குறையுந்தோறும் வார்க்கவேண்டிய அச்சுகளும் குறையும். இராமராய் பாடநூல்களை இவ்வெழுத்தில் வெளியிட்டதோடு, மொழிக்கு இலக்கணமும் அகராதியும் அமைக்க முயன்றார்.

ஆயினும் இனத்தார் அனைவரும் இதனை ஏற்றிலர். தெலுங்கெழுத்தில் எழுதி வந்தோர் ஒருசாரார். நாகரியே தகும் என்போர் ஒருசாரார். 1920இல் மதுரையிற் கூடிய மாநாடு சௌராட்டிர மொழிக்குத் தேவநாகரியை ஏற்கத் தீர்மானித்தது. தீர்மானம் ஒருபுறம் இருப்ப, தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் பயின்ற அடுத்த தலைமுறையினர் தமிழெழுத்திலேயே எழுதத் தொடங்கினர். இங்ஙனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலாகத் தெலுங்கு, நாகரி, தமிழ், தனியெழுத்து ஆகிய நான்கிலும் இம்மொழி நூல்கள் அச்சாயின.

2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளியான ஒருங்குறி 5.1ஆம் பதிப்பு, சௌராட்டிர எழுத்துக்கு 81 குறியிடங்களை அளித்தது. 2016இல் சந்திரபிந்து சேரவே 82 ஆயின. மூக்கொலி, இடையொலிகளை மூச்சொலியோடு கூட்டி ஒலித்தற்கு உரிய ‘ஆரு’ என்னும் தனிக்குறியும் அவற்றுள் ஒன்று. பன்னாட்டு மொழிக்குறியீட்டு அட்டவணையிலும் இம்மொழி தனக்கென ஒரு மூவெழுத்துக் குறி பெற்றுள்ளது. இராமராய் காலத்தில் அச்சுவார்ப்போர் செய்த பணியை நம் காலத்தில் குறியீட்டுக் குழுவினர் செய்தனர் எனலாம்.

ஆனால் குறியிடம் பெற்றமையால் உரை பிறந்துவிடுவதில்லை. மக்கள் எழுதுவது தமிழெழுத்தில். குறியிடம் பெற்றது தனியெழுத்து. இருபதாம் நூற்றாண்டின் தீர்மானமும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் குறியீடும் இவ்வொருவகையால் ஒக்கும். இரண்டும் மக்கள் கைப்பழக்கத்தோடு ஒட்டாது நின்றன. எனவே தனியெழுத்தின்பால் உள்ள பற்றினால் அதனையே தம் ஆய்வேட்டின் உரையெழுத்தாகக் கொள்ளும் மாணவர், படிப்பாரும் எழுதுவாரும் அருகிய உரையோடு தனித்து நிற்க நேரும். பெருவழக்காகிய தமிழெழுத்தை உரைக்குக் கொண்டு, தனியெழுத்துக்கு மாற்றும் வாய்பாட்டினைப் பின்னிணைப்பில் தருதலே ஏற்புடைத்து.

4. தமிழெழுத்தில் எழுதும்போது எழும் சிக்கல்

வடசொல்லைத் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தாற் சொல்லாக்குதல் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறி. அது தமிழ்ச் செய்யுளுட் புகும் சொல்லுக்கு உரியது. பிறிதொரு மொழியை அதன் ஒலி வேறுபாடு குன்றாமல் தமிழெழுத்தில் எழுதுவார்க்கு அந்நெறி போதாது. சௌராட்டிரத்தில் வல்லோசை, மூச்சுடைய வல்லோசை, மெல்லிய ஒலிப்பு, மூச்சுடைய ஒலிப்பு என நான்கும் பொருள் வேறுபடுத்துவன. தமிழில் இந்நான்கிற்கும் ககரம் ஒன்றே எழுத்து.

தோத்திரங்களையும் வடமொழிச் சுலோகங்களையும் தமிழெழுத்தில் அச்சிடுவோர் இதற்கு ஒரு வழி கண்டனர். க, க², க³, க⁴ என எழுத்தின் மேற்புறத்தே சிற்றெண் இட்டு வருக்கத்தின் நான்கையும் வேறுபடுத்தினர். இவ்வழக்கையே சௌராட்டிரரும் மேற்கொண்டனர். ந, ம, ர, ல முதலியன மூச்சொலியோடு கூடிவருங்கால் ந:, ம: என இருபுள்ளியும் இட்டனர். தாளில் எழுதுவார்க்கு இது குறைவற்ற முறையே.

கணிப்பொறியிலோ இம்முறை எதிர்பாராத இடையூறுகளை விளைக்கின்றது. அவற்றை ஆய்வேட்டின் முதல் திங்களிலேயே அறிதல் நன்று. இறுதித் திங்களில் அறிவோர் செய்த பணியனைத்தையும் மீளச் செய்ய நேரும்.

முதலாவது, இருபுள்ளியைச் சொல்லின் உறுப்பாகக் கருதாது நிறுத்தக் குறியாகக் கருதும் நிரல்கள் பல. அவை ஒரு சொல்லை அவ்விடத்தே இரண்டாக வெட்டிவிடும். சொற்களை எண்ணும் பட்டியலில் இல்லாத சொற்கள் தோன்றும். உள்ள சொற்கள் மறையும்.

இரண்டாவது, ஒருங்குறியின் இணக்கச் சீர்மை முறைகளுள் ஒன்று மேற்புறச் சிற்றெண்ணை இயல்பான எண்ணாக மாற்றும் தன்மையது. உரையைத் தூய்மை செய்வதாக எண்ணி அம்முறையை இயக்குவோர், க³ என்பதனைக் ககரமும் மூன்று என்னும் எண்ணுமாகப் பெறுவர். பின்னர் எண்களை நீக்கும் மற்றொரு நிரலை இயக்கின், ஒலி வேறுபாடு முழுதும் அழிந்தொழியும்.

மூன்றாவது, சிற்றெண் நிற்கும் இடம் பற்றியது. உயிர்க்குறி ஏறிய எழுத்தில், கா³ என உயிர்க்குறிக்குப் பின்னே இடுவாரும் உளர். மெய்யெழுத்தை அடுத்தே இடவேண்டும் எனக் கருதுவாரும் உளர். கண்ணுக்கு ஒத்ததாய்த் தோன்றும் இரு வடிவங்கள் கணிப்பொறிக்கு வெவ்வேறு சொற்களாகும். அன்றியும், இரண்டு மூன்று ஆகியவற்றின் சிற்றெண்கள் ஒருங்குறியில் ஓரிடத்தும், நான்கின் சிற்றெண் வேறோரிடத்தும் அமைந்துள்ளன. அகர வரிசைப்படுத்தும் நிரலுக்கு இதனைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

நான்காவது, எழுதுவோர் சிற்றெண்ணை விட்டுவிடுதல். மொழியறிந்தார்க்கு இடம் நோக்கி ஒலியுணர்தல் எளிது; ஆதலின் விரைந்து எழுதுங்கால் சிற்றெண் வீழும். அங்ஙனம் வீழ்ந்த சொல்லில் ககரமும் தகரமும் வருமாயின், ஒவ்வொன்றிற்கும் நான்கு நான்காகப் பதினாறு ஒலிப்புகள் எழுத்தளவில் இயலும். அவற்றுள் எது சொல், எது சொல்லன்று என்று கணிப்பொறி அறியாது.

இந்நான்காம் இடையூற்றிலேயே நல்லதோர் ஆய்வுப் பொருள் அமைந்திருத்தலை மாணவர் நோக்குக. அதனைப் பின்னர்க் கூறுதும்.

5. தொகுப்புப் பணியில் முன்னோர் காட்டிய நெறி

மொழியை எண்ணித் தொகுக்கும் பணி கணிப்பொறியோடு பிறந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பின்னே பல ஆண்டுகள் சொற்சீட்டுகளைத் தொகுத்த உழைப்பு நின்றது. 1962இல் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். ஒரு நூலின் சொற்கள் அனைத்தையும் அவை வருமிடத்தோடும் இலக்கணக் குறிப்போடும் தருதல் ஆராய்ச்சிக்கு அடித்தளம் என்பதனை அது தமிழுலகிற்கு உணர்த்தியது. 1992இல் தாமசு இலெமன், தாமசு மால்தன் ஆகிய இருவரும் சங்க இலக்கியம் முழுவதற்கும் சொல்லடைவு தந்தபோது கணிப்பொறி துணைநின்றது.

மேலை நாட்டிலும் இந்நெறியே காண்கின்றோம். இத்தாலியப் பாதிரியார் உரொபெர்த்தோ பூசா, தாமசு அக்குவினாசின் நூல்களுக்குச் சொல்லடைவு அமைக்க 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையை நாடினார். அச்சுத் தொகுதிகள் 1974 முதல் 1980 வரை வெளிவந்து 56 ஆயின. ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பின் பெரும்பகுதி, உரையைச் சரிபார்த்தலிலும் சொல்வடிவங்களை அவற்றின் தலைச்சொல்லின்கீழ் அடக்குதலிலும் சென்றது. அமெரிக்கப் பிரௌன் பல்கலைக்கழகத் தரவகமோ 1961இல் அச்சான ஆங்கில உரைகளினின்று 500 பகுதிகளை, பகுதியொன்றுக்கு ஏறத்தாழ 2,000 சொல்லாக, முன்னரே வரையறுத்து எடுத்தது. அளவைக் காட்டிலும் வரையறையே அதன் புகழுக்குக் காரணம். எவ்வகை உரை, எவ்வளவு, எவ்வாண்டிற்கு உரியது என்பன தெளிவாய் இருந்தமையால், பிற்காலத்தார் அதே அமைப்பில் வேறு தரவகங்களைச் செய்து ஒப்பிட இயன்றது.

தமிழுக்குத் தொடரமைப்பு வங்கி செய்தோர் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் அணித்து. பிராகு நகரச் சார்லசு பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்த் தொடரமைப்பு வங்கி 600 தொடர்களே உடையது. பின்னர் எழுந்த தற்கால எழுத்துத் தமிழ் வங்கி 534 தொடர்களை உடையது. அத்தொடர்கள் இலெமனின் 1989ஆம் ஆண்டுத் தற்காலத் தமிழிலக்கண நூலினின்று எடுக்கப்பட்டன. கோடிக்கணக்கான சொற்களைக் கொண்டு இயங்கும் துறையில் 534 தொடர் ஒரு துளியே. எனினும் ஒவ்வொரு தொடரும் ஓர் இலக்கணக் கூற்றை விளக்குவதற்கென அமைந்தது. ஒவ்வொரு சொல்லும் பன்னாட்டு நெறிக்கேற்ப இலக்கணக் குறிப்புப் பெற்றது. யாவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டது. ஆதலின் அது வாழ்கின்றது.

இவ்வரலாறுகளால் பெறப்படுவது யாது? உரை சிறிதாயினும் எழுத்துமுறை ஒன்றாய், சரிபார்ப்பு முழுதாய், பிறர்க்குப் பயன்படுவதாய் இருப்பின் அது நிற்கும். இவற்றுள் ஒன்று குறையினும், செய்தவர் பட்டம் பெற்ற அன்றே அது மறையும்.

6. ஆய்வேட்டுத் திட்டம்

மேற்கூறியவற்றைக் கொண்டு நாகல் நகர் மாணவர்க்கு உரிய திட்டமொன்றினை ஈண்டு வகுத்துக் காட்டுதும். காலம் ஆறு திங்கள், அஃதாவது 24 கிழமை எனக் கொள்வோம்.

(அ) வினா. ‘சௌராட்டிர மொழிக்கு மொழிபெயர்ப்புக் கருவி அமைத்தல்’ என்பது ஆய்வேட்டுப் பொருளன்று. அது ஒரு நிறுவனத்தின் பல்லாண்டுப் பணி. ‘தமிழெழுத்துச் சௌராட்டிர உரையில் விடுபட்ட சிற்றெண்களை மீட்டல்’ என்பது ஆய்வேட்டுப் பொருள். இதற்கு உலக முன்மாதிரியும் உண்டு. இசுபானியம், பிரெஞ்சு ஆகியவற்றில் விடுபட்ட அசைக்குறிகளை மீட்கும் முறையை 1994இல் தாவீது யாரொவ்சுகி ஆராய்ந்தார். சரியான விடை இன்னது என்பது தெளிவாதலும், பயிற்சிக்குரிய உரையைச் சிற்றெண்ணை நீக்கித் தாமே ஆக்கிக்கொள்ளுதலும் இப்பொருளின் சிறப்புகள். வெற்றி சிறிதாயினும் அளந்தறியலாம்; தோல்வியாயினும் காரணம் கூறலாம்.

(ஆ) எழுத்துமுறை. முதல் நான்கு கிழமையில் இராண்டல், உச்சிதா முதலியோர் நூல்களைக் கற்று, எழுத்துமுறை விதிகளைத் தாள் ஒன்றில் எழுதி முடித்தல் வேண்டும். சிற்றெண் எங்கு நிற்கும், இருபுள்ளிக்கு எக்குறியிடம், தமிழ்க் கடன்சொற்களைச் சிற்றெண்ணோடு எழுதுவதா, அன்றா என்பனவற்றை வரையறுக்க. இவ்விதிகளை இடையில் மாற்றலாகாது. மாற்ற நேரின் முன்னர்த் தட்டெழுதியன அனைத்தையும் மாற்றுக.

(இ) உரை. அடுத்த எட்டுக் கிழமை உரைக்கு உரியன. கிழமைக்கு ஐந்து நாளாக நாற்பது நாள். நாளொன்றுக்கு 250 சொல் தட்டெழுதிச் சரிபார்ப்பின் 10,000 சொல் சேரும். நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராட்டிரத்திலும் தமிழிலும் பாடியவர், 1914இல் மறைந்தவர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைவிற்குப் பின் அறுபது ஆண்டு கழிந்தமையால் அவர் பாடல்களைத் தொகுத்தற்குத் தடையில்லை. எனினும் இக்காலப் பதிப்புகளின் உரையும் குறிப்பும் அங்ஙனம் அல்ல. ஆயின் பாடல் மட்டும் போதாது. அவை பக்திச் செய்யுள். இசைக்கேற்ப நீண்டும் சுருங்கியும் நிற்பன. நாகல் நகர் இல்லங்களில் இன்று வழங்கும் பேச்சுக்கு அவை பதிலாகமாட்டா. எனவே பாதி பாடலும் பாதி உரையாடலுமாக அமைத்து, இரண்டையும் தனித்தனியே எண்ணிக் காட்டுக. பாவு, ஊடை, அச்சு, நாடா எனத் தறியைச் சுற்றி வழங்கும் சொற்களை இல்லத்து மொழியில் முதியோர் எங்ஙனம் கூறுகின்றனர் என்பதனைக் கேட்டுப் பதிவு செய்யின், அகராதிக்கும் பயனாம். பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுதலும், பேசியோர் பெயரை வெளியிடாமையும் மறவற்க.

(ஈ) சரிபார்ப்பு. அடுத்த நான்கு கிழமையில், உரையின் ஒரு பகுதியை மொழியறிந்த இருவர் ஒருவரையொருவர் காணாது குறியிடல் வேண்டும். அவர்தம் ஒருமைப்பாட்டை வெறும் விழுக்காட்டால் அளத்தல் பிழைபடும். காட்டாக, ஓர் எழுத்துக்குச் சிற்றெண் வேண்டுமா வேண்டாவா என்பதில் இருவரும் நூற்றுக்கு எழுபது இடங்களில் வேண்டா என்றே கூறும் பழக்கமுடையராயின், எண்ணிப் பாராது குறியிட்டாலும் 58 இடங்களில் ஒத்துப்போவர். ஆகவே 80 விழுக்காட்டு ஒருமை என்பது, 1960இல் யாக்கோபு கோகன் வகுத்த அளவையால் ஏறத்தாழ 0.48 என்றே ஆகும். இது நடுத்தரமே. இருவரும் வேறுபட்ட இடங்களே மொழியின் உண்மையான சிக்கல்கள். அவற்றைப் பட்டியலிட்டால் ஆய்வேட்டின் ஓர் இயல் தானே அமைந்துவிடும்.

(உ) சோதனை. அடுத்த நான்கு கிழமை சோதனைக்கு. தொகுத்த உரையில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, இறுதிவரை காணாது வைத்தல் வேண்டும். முதலில் மிக எளிய முறையை இயக்குக: ஒரு சொல் பயிற்சிப் பகுதியில் மிகுதியும் எவ்வடிவில் வந்ததோ அவ்வடிவையே தருக என்பது அம்முறை. நுண்ணிய முறைகள் இதனை வெல்லவில்லையாயின் அதனை மறையாது எழுதுக. எண்ணிக்கை சிறிதாங்கால் விழுக்காடு ஏமாற்றும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நூறு சொல்லில் தொண்ணூறு சரியெனின் உண்மையளவு ஏறத்தாழ 83க்கும் 94க்கும் இடையே எங்கும் இருத்தல் கூடும். ஆயிரம் சொல்லில் தொள்ளாயிரம் சரியெனின் அவ்வெல்லை 88க்கும் 92க்கும் இடையே சுருங்கும். நூறு சொல்லைச் சோதித்து, ஒரு முறை மற்றொன்றை இரண்டு விழுக்காட்டால் வென்றது எனக் கொண்டாடுதல் அறிவுடைமையன்று.

(ஊ) எழுதுதல். இறுதி நான்கு கிழமை எழுத்துப் பணிக்கு என்பது அட்டவணைக்கு மட்டுமே. உண்மையில் எழுத்துமுறை விதிகளும், தொகுப்பு வரலாறும், வேறுபாட்டுப் பட்டியலும் அவ்வப்போதே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். யாம் கண்ட ஆய்வேடுகள் சிலவற்றில், முதலிரண்டு இயல்கள் துறையின் பொது வரலாற்றால் நிறைந்திருப்ப, மாணவர் தாமே செய்த தொகுப்பு ஒரு பக்கத்திற்குள் அடங்கிவிடுகின்றது. இது தலைமாற்றம். பொது வரலாறு பிறர் நூல்களில் உண்டு. நாகல் நகரில் கேட்டெழுதிய உரையின் வரலாறு இவ்வாய்வேட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆதலின் அதுவே விரிதல் வேண்டும். பிழைகளை வகைப்படுத்திய இயலும் அதற்கடுத்த சிறப்புடையது.

ஆய்வேட்டோடு உரைத்தொகுப்பும் எழுத்துமுறை விதிகளும் நூலகத்தில் கோப்பாக வைக்கப்படல் வேண்டும். பேசியோரின் ஒப்புதல் எவ்வளவிற்கு உண்டோ அவ்வளவிற்கு அதனைப் பிறர் எடுத்தாள இசைவும் தரப்படல் வேண்டும். இதனைத் தேர்வாளர் வற்புறுத்துவராயின் மாணவர் தாமே செய்வர்.

7. முடிவுரை

இராமராய் அச்செழுத்தை எளிமையாக்கினார். மாநாட்டார் நாகரியை விரும்பினர். அறிஞர் தத்தம் குறியீட்டில் எழுதினர். குறியீட்டுக் குழுவினர் 82 குறியிடம் தந்தனர். இவருள் எவரும் உழைப்பிற் குறைந்தவரல்லர். எனினும் ஒருவர் உழைப்பு அடுத்தவர் உழைப்புக்கு அடித்தளமாகும் வாய்ப்பு அரிதாயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்கியது. முதுகலை ஆய்வேடும் இவ்வரிசையில் மற்றொரு தனிமுயற்சியாய் முடியுமா, சங்கிலியின் முதற்கண்ணியாய் அமையுமா என்பதே வினா.

காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் நாகல் நகர்க்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. ஆண்டுதோறும் ஒரு மாணவர், முன்னவர் வகுத்த அதே எழுத்துமுறையில் 10,000 சொல் சேர்ப்பின், பத்தாண்டில் ஓரிலட்சம் சொல் சேரும். பிரௌன் தரவகத்தின் பத்தில் ஒரு பங்கு அது. அதற்கு வேண்டுவன பெருநிதியும் பெருங்கருவியும் அல்ல. முதல் மாணவர் எழுதிய விதித்தாளை இரண்டாம் மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர் ஒருவரே.

தமிழ்த்துறையார்க்கு இதில் என்ன பங்கு என வினவுவார் உளராகலாம். எழுதப்படுவது தமிழெழுத்து, படிந்துள்ள கடன்சொற்களிற் பல தமிழ்ச்சொற்கள், பேசுவோர் தமிழைத் தம் மற்றொரு தாய்மொழிபோலப் போற்றுவோர். அண்டை வீட்டார் மொழியை எழுதுதற்கு நம் எழுத்து எங்ஙனம் உதவுகின்றது என்று அறிதல் தமிழாராய்ச்சியின் ஒரு பகுதியே ஆகும்.